பத்து லிட்டர் கம்ப்யூட்டர்

“அத்தான் மாதிரி வருமாக்கா? இவுகளுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது.”

என் மனைவி தீபலட்சுமி, பந்தல்குடியில் இருக்கும் தன் அக்கா சுமதியிடம் போனில் சொன்னது இது. என் காதில் விழுந்தது தற்செயலாகத்தான். கடைச் சாவியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருந்தேன். மாடிப்படி ஏறும்போது ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. என் வண்டியில் சைலன்சர் ஓட்டை. நான் வருவது தெருமுனையிலேயே ஊருக்கெல்லாம் கேட்கும். அன்றைக்கு ஏனோ தீபலட்சுமிக்குக் கேட்கவில்லை.

அத்தான் என்றால் சுமதியின் கணவர் தங்கபாண்டி. எனக்குச் சகலை. தூத்துக்குடி ரோட்டில் லாரி டயர் கடை. பரளச்சியில் மாமியார் வீட்டுக்குப் போனால் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இலை போடுவார்கள். குழம்பு அவர் இலைக்குத்தான் முதலில் போகும். மூத்த மாப்பிள்ளை, போகட்டும். ஆனால் அவர் இலையில் நல்லி எலும்பு விழும். அதே கரண்டி என் இலைக்கு வரும்போது அதில் உருளைக்கிழங்கு மட்டும் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த உருளைக்கிழங்கைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை கூட அவர் திரும்பி, “ஒரு எலும்பு எடுத்துக்கோங்க சகலை” என்று சொன்னதில்லை.

உள்ளே போனேன்.

“யாரு போன்ல?”

“அக்கா.”

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா ஜன்னல் வரைக்கும் கேக்குது?”

“அத்தான் ஏதோ கம்ப்யூட்டர் செஞ்சிருக்காகளாம். கேம் ஆடுறதுக்கு. ஒவ்வொரு சாமானா வாங்கி அவுகளே பூட்டுனாகளாம். விடுங்க, நமக்கு எதுக்கு அது. சாவி டிவி மேல இருக்கு.”

சாவியை எடுத்துக்கொண்டேன். போகவில்லை.

“எம்புட்டுப் பெருசாம்?”

“பீரோவுல பாதி இருக்கும்னு அக்கா சொன்னா.”

டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் கம்ப்யூட்டர் பூட்டுகிறார். நான் அருப்புக்கோட்டையில் நீர்மூழ்கி மோட்டார் கடை வைத்திருக்கிறேன். திருச்சுழி வரைக்கும் எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது, எத்தனை அடியில் வெறும் காற்று வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆறு அங்குலக் குழாய்க்குள் ஆள் உயர மோட்டாரை இறக்கி, தண்ணீரை மேலே அனுப்புகிறவன். எனக்குப் புரியாதாம்.

பெரிதில் அவரை ஜெயிக்க முடியாது. எங்கள் வீடு மாடியில் இரண்டே அறை. கல்யாணமான புதிதில் தீபலட்சுமி ஒருமுறை கம்ப்யூட்டர் கேட்டாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். “வைக்க எடம் எங்க இருக்கு?” என்றேன். சுற்றிப் பார்த்தாள். அத்தோடு அந்த ஆசையை விட்டுவிட்டாள்.

ஆகவே சிறிதில் ஜெயிப்பது என்று முடிவு செய்தேன். அவருடையது பாதி பீரோ என்றால் என்னுடையது ஒரு குடத்துக்குள் அடங்க வேண்டும். வேகத்தில் அவருடையதை விழுங்க வேண்டும். அடுத்த முறை பரளச்சிக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாமியார் கரண்டியோடு நின்று பார்க்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் தீபலட்சுமியிடம் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“உங்களுக்குக் கேம் ஆடத் தெரியுமா?”

“தெரியாது. அவருக்கு மட்டும் தெரியுமா?”

“எனக்கென்ன தெரியும். வேணாங்க, உங்களுக்குக் கஷ்டம். சின்னப் பெட்டியில செய்யிறதுதான் ரொம்பக் கஷ்டமாம். அத்தானே முடியாதுன்னு விட்டுட்டாகளாம்.”

அவ்வளவுதான். அன்றே போனில் பெட்டியைத் தேட ஆரம்பித்தோம்.

இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகளை லிட்டரில் அளக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பதினெட்டு லிட்டர், பதினாலு லிட்டர், பத்து லிட்டர். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. லிட்டர் என்றால் நம்ம தொழில். நான் பதினாலில் கை வைத்தேன். தீபலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

“அத்தான் முதல்ல பாத்தது அதுதானாம்.”

பத்துக்கு மாறினேன்.

பத்து லிட்டருக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மதர்போர்டு ஒரு சாணைவிடச் சின்னதாக வேண்டும். கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று, படத்தை ஓட்டுகிற பலகை, அது ஒரு முழ நீளத்துக்கு வருகிறது. நீளமானதை வாங்கினால் மூடி மூடாது. குட்டையானதில் விலை குறைந்ததாக ஒன்றைப் பிடித்தேன். தீபலட்சுமி வெங்காயம் உரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது போதும், நல்லாத்தான் இருக்கு. அக்கா வீட்டுலயும் இதே தரம்தான்.”

“இதேவா?”

“இதேதான்.”

அதற்கு அடுத்ததை எடுத்தேன். அவள் வெங்காயத்தைத் தொடர்ந்து உரித்தாள். அதற்கும் அடுத்ததை எடுத்தேன். வெங்காயத்தோடு எழுந்து போனாள்.

பவர் சப்ளையில் நான் உறுதியாக நின்றேன். கரண்டு விஷயத்தில் சின்னதை நம்ப மாட்டேன். இந்தப் பக்கத்து வோல்டேஜுக்கு எத்தனை மோட்டார் என் கண் முன்னால் கருகியிருக்கிறது. செங்கல் கனத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து விரலை வைக்கப் போனேன்.

“அத்தானும் இந்தத் தப்பைத்தான் பண்ணுனாகளாம்,” என்றாள் அடுப்படியிலிருந்து. “பெருசா வாங்கி, நுழையாம, திருப்பி அனுப்புனாகளாம்.”

விரலை எடுத்தேன். சின்னதாக, தரமாக ஒன்றை வாங்கினேன். தங்கபாண்டி செய்த தப்பை நான் செய்வதா?

என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது கூலர். பிராசஸர் சூடானால் குளிர வைக்கிற சாமான். சின்னதாக ஒரு விசிறி போதும் என்றுதான் இருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த தீபலட்சுமி சாதாரணமாகச் சொன்னாள்.

“அத்தான் மிஷினுக்குள்ள தண்ணி ஓடுதாம்.”

“என்னது?”

“தண்ணிங்க. உள்ள ஒரு பம்பு இருக்காம். அது தண்ணியச் சுத்த விடுதாம். நேத்து அக்கா வீடியோ கால்ல சத்தத்தைக் கேக்க வச்சா. அருவி மாதிரி இருந்துச்சு.”

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். பம்பு. இந்தத் தாலுகாவில் பம்பு என்றால் மாரிக்கண்ணன், அதாவது நான். டயர்க்காரர் என் தொழிலுக்குள் குழாய் விட்டிருக்கிறார். நான் என்றைக்காவது அவர் டயருக்குக் காற்று அடித்திருக்கிறேனா?

பத்து லிட்டர் பெட்டியில் தண்ணீர்க் கூலருக்கு இடம் குறுக்கே நெடுக்கே அளந்தும் நூலளவுதான் மிஞ்சியது. வாங்கிவிட்டேன்.

விளக்கு மட்டும்தான் மிச்சம். நீலம், சிவப்பு, பச்சை என்று கலர் மாறி மாறி எரிகிற விசிறிகள் எனக்குப் பிடித்திருந்தன. தீபலட்சுமி முகத்தைச் சுளித்தாள். பிறகு சொன்னாள்.

“போடுங்க. அத்தான் மிஷின்லயும் நீல லைட்டு எரியுதாம்.”

எனக்கு விளக்கு வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டுப் பூட்ட உட்கார்ந்தேன். தீபலட்சுமி டார்ச் பிடித்தாள். போர்வெல் குழிக்குள் நான் கயிறு விட்டிருக்கிறேன், கேபிள் விட்டிருக்கிறேன். இந்தப் பெட்டிக்குள் சுண்டுவிரல் போகவில்லை.

“அந்த ஒயரு அங்க இல்லங்க. இந்தப் பக்கம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அத்தான் அக்காகிட்டச் சொன்னாகளாம். அக்கா எங்கிட்டச் சொன்னா.”

“இந்த ஸ்க்ரூ?”

“அதை இப்ப முறுக்கக் கூடாதாம். கார்டு மாட்டுன பெறகுதானாம்.”

“அதுவும் அவரு சொன்னதா?”

“அவுக சொன்னதுதான்.”

என் வீட்டில், என் கம்ப்யூட்டரை, அந்த ஆள் பந்தல்குடியில் இருந்துகொண்டு பூட்டிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் ஒரு ஸ்க்ரூவைப் பெட்டிக்குள் தவறவிட்டேன். “குடுங்க, நான் பிடிக்கிறேன்” என்று ஸ்க்ரூடிரைவரை அவள் வாங்கிக்கொண்டாள். டார்ச் என் கைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் மூடி மூடிவிட்டது.

அழகாக இருந்தது. ரேஷன் கடை எண்ணெய் டின்னைவிடச் சின்னது. டிவியில் மாட்டி, கார் ரேஸ் ஒன்றை ஏற்றி நான் ஓட்டினேன். முதல் வளைவிலேயே கார் கடலுக்குள் போனது. மறுபடியும் போனது.

“தள்ளுங்க, நான் ஓட்டி மிஷின் எம்புட்டுச் சூடாகுதுன்னு பாக்குறேன்,” என்றாள். பங்குனி வெயிலில் பார்க்க ஆரம்பித்தாள். சித்திரை வந்தது, கத்திரி வெயிலும் வந்தது. சாயங்காலம் ஆனால் காதில் ஹெட்போன் ஏறிவிடும். இன்னும் சூடு பார்த்து முடியவில்லை.

எனக்கு ஒரே குறை. சகலை இதைப் பார்க்கவில்லை.

“ஒருநாள் பந்தல்குடிக்கு எடுத்துட்டுப் போவமா?”

“வேணாங்க. அத்தான் மனசு சங்கடப்படும்.”

அந்தச் சங்கடத்தைப் பார்க்கத்தானே நான் இத்தனை பாடுபட்டது. சகலைகளுக்குள் ஒரு முறை உண்டு. புதிதாக என்ன வாங்கினீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. கேட்டால் நம்மிடம் அது இல்லை என்று ஆகிவிடும். போனில் பேசினால் மழை உண்டா, மாமனார் முழங்கால் எப்படி, அவ்வளவுதான். மற்றது எல்லாம் மனைவிமார் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனால் நேரில் போய்க் காட்டக் கூடாது என்று எந்த முறையும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை தீபலட்சுமி கோவிலுக்குப் போன நேரம், கம்ப்யூட்டரை ஒயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு, வண்டியை எடுத்தேன்.

தங்கபாண்டி கடை வாசலில் லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சகலை. கூடையில என்ன, டிபனா?”

“கம்ப்யூட்டரு.”

அவர் துண்டை விலக்கிப் பார்த்தார். மரியாதையாகத் தலையாட்டினார். முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை.

“உங்க மிஷினையும் காட்டுங்க,” என்றேன். “பக்கத்துல வச்சுப் பாப்போம்.”

அவர் முகம் மலர்ந்தது. “இதுக்குத்தான் வந்தீகளா? உள்ள வாங்க.”

வீடு கடைக்குப் பின்னால். கூடத்தில் ஓரமாக வெள்ளை வேட்டி போர்த்தி, பாதி பீரோ உயரத்துக்கு ஒன்று நின்றது. உச்சியில் சந்தனம், குங்குமம். என் கூடையை அதன் பக்கத்தில் வைத்தேன். வேட்டியை எடுத்தார். கதவைப் பிடித்துக் கீழே இழுத்தார். நீல விளக்கு எரிந்தது. உள்ளே கம்பித் தட்டு. அதில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தன.

“இதுல எப்படிச் சகலை கேம் ஆடுவீக?”

“கேமா? இது பாத்திரம் கழுவுற மிஷினு.”

நான் டம்ளர்களைப் பார்த்தேன்.

“நீங்க வாங்குனது எட்டு செட்டுப் பாத்திரத்துக்குத்தான?” என்றார். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். “இது பதினாலு.”

“நான் எதுக்குச் சகலை வாங்குறேன்? எங்க வீட்டுல பாத்திரம் நாலுதான்.”

“தீபாவுக்கு வாங்கிக் குடுத்தீகள்ல. சுமதி போன்ல பேசிட்டு இருந்தா. நான் சாப்பிட வந்தேன். ‘அவுக மாதிரி வருமாடி’ன்னா. தற்செயலாக் காதுல விழுந்துச்சு.”

நான் ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன்.

“உங்களுக்குக் கம்ப்யூட்டர் பூட்டத் தெரியுமா சகலை?”

“எனக்கு மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது.”

இரண்டு பேரும் அந்த மிஷினின் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். நான் பாதி பீரோவைச் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன். நீல விளக்கைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் மிஷினைத் தொட்டுக் காட்டினார்.

“தண்ணி ஓடுறது நெசந்தான்,” என்றார். “நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணியை இதுதான் குடிக்குது. நான் கடையில குளிக்கிறேன்.”

சுமதி டீ கொண்டுவந்தாள். கூடையைப் பார்த்தாள். வேட்டி இல்லாத மிஷினைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தாள்.

“சீனி போதுமா தம்பி?” என்றாள்.

“போதும்.”

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

தங்கபாண்டி என் கையைப் பிடித்தார். “இனிமே எது காதுல விழுந்தாலும் நேரா எனக்குப் போன் போடுங்க. முறையாவது கிறையாவது.”

“நீங்களும்.”

“பரளச்சியில எலும்பு விழுந்தா பாதி உங்களுக்கு.”

இப்படி ஒரு மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று தோன்றியது. வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தீபலட்சுமி எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. கூடையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து, ஒயரை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தாள். ஒரு காதை மட்டும் விலக்கிக்கொண்டு சொன்னாள்.

“ஃப்ரிட்ஜுல மாவு இருக்கு. அக்கா வீட்டுல இன்னைக்கு அத்தான்தான் தோசை ஊத்துறாகளாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்து போன் போட்டேன். மணி அடித்தது. எடுத்ததும் பின்னால் ‘சொய்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“சகலை, நீங்க தோசை ஊத்துறதா இங்க ஒரு பேச்சு.”

“நீங்கதான் அங்க ஊத்துறதாச் சுமதி சொன்னா. நாலு தோசை ஆகிப்போச்சுன்னா.”

“நான் ஊத்தலயே.”

அந்தப் பக்கம் தோசையைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது.

“உங்களுக்குப் போன் போடணும்னுதான் இருந்தேன்,” என்றார். “அதுக்குள்ள கல்லு காஞ்சிருச்சு.”

“எத்தனை ஊத்தியிருக்கீக?”

“இது ஆறாவது.” கொஞ்சம் தயங்கினார். “வட்டமா வருது சகலை. சுமதி படம் பிடிச்சுப் பரளச்சி அத்தைக்கு அனுப்பிட்டா.”

போனை வைத்தேன். உள்ளே கார் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அது கடலுக்குள் போகவில்லை.

அடுப்படிக்குப் போனேன். சுவரில் இரண்டு தோசைக்கல் மாட்டியிருந்தது. சின்னதை ஒதுக்கிவிட்டு, பெரியதை எடுத்து அடுப்பில் வைத்தேன்.