ஸ்கொயர் என்றால் சதுரம்

ஒரு வேலையைத் தப்பாகச் செய்வது சுலபம். அதை இம்மி பிசகாமல் தப்பாகச் செய்யத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு முப்பது வயதிலேயே வந்துவிட்டது.

எண்பதுகளின் கடைசி. பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் வேலையை உதறிவிட்டு, பொழிச்சலூர் வீட்டின் பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, இரும்பைச் சீவும் ஒரு பழைய மில்லிங் மெஷினை இறக்கியிருந்தேன். (துணி காயப்போட இடமில்லை என்று மனைவி வசந்தா நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.) இரண்டு மாதம் அதைத் துடைத்ததுதான் வேலை. வசந்தாவின் அண்ணன் கிண்டியில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸில் இருந்தார். தங்கை கஷ்டப்படுகிறாளே என்று, மேலதிகாரியிடம் எனக்காக வாக்குக் கொடுத்து முதல் ஆர்டரை வாங்கிக் கொடுத்தார். சரியாகச் செய்தால் மாதாமாதம் வேலை வரும். சொதப்பினால் எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் தலைகுனிவு.

இருபது மில்லிமீட்டர் விட்டத்தில் அறுபது உருண்டைக் கம்பிகள். மச்சான் சொன்னது இவ்வளவுதான்: "மாப்ளே, ரெண்டு முனையும் ஸ்கொயரா மில்லிங் பண்ணிக் கொடுங்க. டிராயிங் வேணுமா?"

"இதுக்கு எதுக்கு மச்சான் டிராயிங்?" என்றேன்.

என்ன அளவுச் சதுரம் என்று அவர் சொல்லவில்லையே என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது. போய்க் கேட்டால் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே. இருபதுக்குள் அடங்கும் பெரிய சதுரம் பதினான்கு என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒரு சதுர இரும்புக் கட்டையில் துளை போட்டுக் கம்பியை அதில் இறுக்கி, வைஸில் பிடித்து ஒரு பக்கம் சீவுவேன். பிறகு கட்டையைக் கால் சுற்று திருப்பி அடுத்த பக்கம். நாலு முறை திருப்பினால் உருண்டை முனை சதுரமாகிவிடும். ராப்பகலாகப் பன்னிரண்டு நாள். மைக்ரோமீட்டரில் எப்படி வைத்துப் பார்த்தாலும் முடியளவு வித்தியாசம் கிடையாது. ஒன்றை வசந்தாவிடம் காட்டினேன்.

"அழகாத்தான் இருக்கு. எதுக்குங்க இது?" என்றாள்.

உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன். (எனக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.)

கம்பெனியில் சரக்கைச் சோதிக்கிறவர் சாக்கைப் பிரித்து ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். மச்சான் சிரித்த முகத்தோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னா சார் இது, ரெண்டு பக்கமும் நாலு பட்டை போட்டுக்கினு வந்துகீறீங்க? ரம்பத்துல அறுத்த முனை கோணலா கீது, அத்த மட்டமா சீவணும்னு தானே சொன்னோம்."

ஸ்கொயர் என்று அவர்கள் சொன்னது அதைத்தான்: கம்பிக்கு நேர் செங்குத்தாக, மட்டமான முனை. உருண்டைத் துளைக்குள் இறுகி உட்கார வேண்டிய கம்பிகள் அவை. இனி எந்தத் துளையிலும் உட்காரா. முனையில் மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார். கோணல் அப்படியே இருந்தது. கேட்ட ஒரு வேலையைத் தவிர மற்றதையெல்லாம் செய்திருந்தேன். அறுபதும் பழைய இரும்புக் குவியலுக்குப் போயின.

மச்சான் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பஸ் ஸ்டாப் வரை வந்து, "தெரியலன்னா கேட்டிருக்கலாமே மாப்ளே" என்று மட்டும் சொன்னார். வெட்கத்தில் எனக்குப் பல்லாவரம் வரை அழுகை அழுகையாக வந்தது.

அடுத்த மாதமே அவரை பர்ச்சேஸிலிருந்து தூக்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான் இருந்தார். நான் மெஷினைத் தள்ளிவிட்டு குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் மறுபடி ஃபிட்டராகச் சேர்ந்தேன்.

கேட்காததைக் கச்சிதமாகச் செய்வதற்கு எங்கள் குடும்பத்தில் இன்றும் 'நாலு பட்டை' என்றுதான் பெயர். பரீட்சையில் இல்லாத கேள்விக்கு என் மகன் மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்தபோது, "நாலு பட்டை போட்டுட்டு வந்திருக்கான்" என்றாள் வசந்தா. கல்யாணம், சீமந்தம் என்று கூடினால் நானே நடித்துக் காட்டுவேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மச்சானும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்து போவார். கதை முடிகிறவரை திரும்பி வரமாட்டார்.