பாரிசுக்குப் போன என் புருவம்

வியர்வை கண்ணுக்குள் இறங்காமல் இருக்கத்தான் கடவுள் புருவத்தை வைத்தார். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த இரண்டு கீற்று மயிரை வைத்து ஒரு பெண் குடும்பத்துக்கு ஆவாளா ஆகமாட்டாளா என்று தீர்ப்புச் சொல்லும் தொழிலை மனிதர்கள் பிறகுதான் தொடங்கினார்கள் (வேறு வேலை இல்லாதவர்கள்). என் அம்மா குமரியாக இருந்தபோது நூல் மாதிரிப் புருவம்தான் வடிவு. நான் சிறுமியாக இருந்தபோது அடர்த்தியான புருவம் வடிவு. நான் குமரியானதும் மறுபடி நூல். இந்தக் கூத்தில் நானும் ஒருமுறை வேஷம் கட்டி ஆடினேன். அதுவும் வீடியோவில்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில், குருநகரில் எங்கள் வீடு. மின்சாரம் இல்லை, சவர்க்காரம் கிடைக்காது, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த காலம். ஆனாலும் கலியாணம் என்றால் எங்கிருந்தோ ஒரு ஜெனரேற்றர் வரும், வீடியோக்காரனும் வருவான். சொந்தத்தில் பாதி வெளிநாட்டில் அல்லவா! அவன் எடுத்த வீடியோக் கசற் கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டி, கொழும்புக்குப் போய், அங்கிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் போகும். அங்கே இருக்கிற பெடியன்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற பெட்டைகளில் ஒருத்தியைத் தங்களுக்குத் தெரிவு செய்வார்கள். எங்களூர் ஆட்கள் மீனைக்கூடச் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். இந்தத் துரைமாருக்கு அதுவும் தேவையில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. பெரியம்மாவின் மகள் ஜெசிந்தா அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை உள்ளூர், அவருடைய தம்பி பாரிசில். தோழியாக நிற்க இரண்டு பேர்: நானும் அடுத்த வீட்டு றீற்றாவும். அந்தத் தம்பியின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் பாரிஸ் என்றால் ஷெல் விழாத வீடு, சுவரில் பொத்தானை அமத்தினால் எரிகிற லைற். சத்தியமாகச் சொல்கிறேன், நான் காதலித்தது அந்த லைற்றைத்தான். ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்து அலுத்துப்போன எனக்கு அது எப்படியாவது வேண்டும்.

கலியாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் தாய் றெஜினா மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சின்னவன் கசற்றைப் பாத்துத்தான் முடிவு சொல்லுவானாம். பிள்ளை வடிவுதான். ஆனா...” என்று இழுத்து, என் மூக்குக்கு மேலே விரலை நீட்டினார். “உந்தக் கூட்டுப்புருவம். உது மாமிக்கு ஆகாதெண்டு சொல்லுவினம்.”

ஷெல்லுக்கும் குண்டு போடுகிற பொம்பருக்கும் தப்பிப் பிழைத்த மனுசி, என் புருவத்துக்குப் பயந்தார்! றீற்றாவின் புருவம் என்னுடையதைவிட மோசம். இந்தக் காதில் தொடங்கி அந்தக் காதில் முடிகிற, வாசல் கூட்டுகிற தும்புத்தடி. அவளை மாமி கணக்கிலேயே எடுக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம், அப்பாவின் சவர பிளேட்டைப் பாதியாக உடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நடுவில் இருந்ததை வழித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற புத்தி உள்ளவள் ஏன் பிளேட்டைத் தூக்குகிறாள்? கொழும்பால் வந்த ஒருத்தியின் நூல் புருவம் மனதில் நின்றது. இடதை மெலிதாக்கினேன். வலது தடிப்பாகத் தெரிந்தது. வலதைக் குறைத்தேன். இப்போது இடது தடித்துவிட்டது. இப்படியே நீதியும் நேர்மையுமாக மாறிமாறிக் குறைத்துக்கொண்டு போனேன்.

அம்மா உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஐயோ மாதாவே! என்னடி செய்துபோட்டு நிக்கிறாய்?”

“ரண்டும் சமனா வரேல்லையம்மா.”

“சமனாத்தானே கிடக்கு. ரண்டும் இல்லை!”

ஊரில் புருவம் வரைகிற பென்சிலுக்கு எங்கே போவது? அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ஜாம் போத்தல் விளக்குக்கு மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்து, படிந்த கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, நெருப்புக்குச்சியால் அடுத்தநாள் காலையில் கீறிவிட்டார். அவசரத்தில் இரண்டும் நெற்றியில் ஏறிவிட்டன. ஏதோ பேயைக் கண்டவள் மாதிரி ஒரு முகம். (“வடிவாத்தான் கிடக்கு, வா” என்றார் அம்மா. தாய் என்றால் பொய் சொல்லத்தான் வேண்டும்.)

மாதா கோயிலில் சனம் நெருக்கியடித்தது. வீடியோக்காரன் தன் பெரிய லைற்றை என் முகத்துக்கு நேரே பிடித்தான். நான் ஆசைப்பட்ட லைற், இவ்வளவு கிட்ட! பாரிசைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக் கமராவைப் பார்த்துச் சிரித்தேன். சூட்டில் எண்ணெய் உருகியது. வியர்வையை மறிக்க அங்கே ஒரு மயிரும் இல்லை. கரியும் எண்ணெயும் வியர்வையும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கின. எரிவென்றால் எரிவு! கண்ணீர் கொட்டியது.

“பாவம், தமக்கை போறாளெண்டு பிள்ளை உருகுது” என்று பின்னால் ஒரு கிழவி சொன்னது கேட்டது.

நான் புறங்கையால் துடைத்தேன். றீற்றா பக்கத்தில் இருந்து குசுகுசுத்தாள்: “எடியே, துடையாதை. உன்ரை புருவம் இப்ப கன்னத்திலை நிக்குது!”

நிறுத்தத்தான் நினைத்தேன், கண் விட்டால்தானே. அதற்குள் ஜெசிந்தா அக்கா திரும்பி என் கண்ணீரைப் பார்த்து, தானும் விம்மி, என்னை இழுத்துக் கட்டிப்பிடித்துவிட்டாள். விலகியபோது அவளுடைய வெள்ளைச் சேலையின் தோளில் இரண்டு கறுப்புக் கோடுகள். அம்மா கீறியதைவிட அவை ஒழுங்காக இருந்தன. சுவாமியார் ஆசீர்வதிக்கத் தூக்கிய கையை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வீடியோக்காரன் மட்டும் தொழிலில் கண்ணாக, “தங்கச்சி, இஞ்சாலை பாருங்கோ” என்று இன்னும் கிட்ட வந்தான். படுபாவி!

கசற் போய்ச் சேர்ந்து பதில் வர மாதக்கணக்கானது. ஒருநாள் றெஜினா மாமி வந்தார். எங்கள் படலையைத் தாண்டி நேரே றீற்றா வீட்டுக்குப் போனார். திரும்பும்போது அம்மா மறித்துக் கேட்டார்.

“சின்னவனுக்கு அந்தப் பிள்ளையைத்தான் பிடிச்சிருக்காம். அங்கத்தைப் பெட்டையள் எல்லாம் புருவத்தை வழிச்சுப்போட்டுத் திரியுதுகளாம். றீற்றாவுக்குத்தான் ஊர் முகமெண்டு நிக்கிறான்.”

“கூட்டுப்புருவம் மாமிக்கு ஆகாதெண்டியளே?”

“ஆர் சொன்னது? அது லச்சணமெல்லோ!” என்று மாமி குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அன்றைக்கு நான் கரியில்லாமல் அழுதேன். மாப்பிள்ளைக்காக இல்லை. என்னிடம் இருந்ததை வைத்திருந்தாலே போதும் என்று தெரிந்த ஆத்திரம். புருவம் மெல்ல மெல்ல முளைத்து, பழையபடி நடுவில் வந்து கைகோத்துக்கொண்டது. அதற்குள் கசற்றைப் பிரதி எடுத்து உலகமெல்லாம் அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் எந்த நாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்தாலும் முதலில் என் கண்ணுக்கு மேலேதான் பார்ப்பார்கள்.

சில வருடங்கள் கழித்து நான் கொழும்புக்குப் போயிருந்தபோது றீற்றா பாரிசில் இருந்து தொலைபேசி எடுத்தாள். எல்லாம் கதைத்து முடித்து, குரலைத் தாழ்த்தினாள்.

“எடியே, ஒருத்தருக்கும் சொல்லாதை. இஞ்சை வந்த அடுத்த மாதமே நான் புருவத்தை வழிச்சுப்போட்டன். இப்ப நூல் மாதிரி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அந்த ஊர் முகத்துக்காகத்தானே உன்னைக் கட்டினவர்! மனுசன் என்ன சொன்னவர்?”

“அவர் இன்னும் கவனிக்கேல்லையடி.”

ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எவளாவது கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றால், வாசலில் நிற்கிற கூட்டம் ஒரே குரலில் கத்தும்: “நிண்டது காணும், வாடி! அவர் இன்னும் கவனிக்கேல்லை!”