தயக்கம் நீக்கும் குழு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான சாதனை, 'சிறு விவசாயிகளின் தயக்கம் நீக்கும் குழு' அமைக்கப்பட்டதுதான். புதிய நெல் ரகம் பதினாலு நாள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாது. அப்பேர்ப்பட்ட விதையை வாங்கவும் விவசாயிகள் தயங்குவார்களே என்று குழு எட்டுக் கூட்டங்களில் கவலைப்பட்டது.

விதை அலுவலர் அந்தக் குழுவின் கடைக்குட்டி. தயக்கத்தை நீக்க மூன்று நாள் பயிற்சி பெற்றவர். விதைக் கிடங்கின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. உள்ளே அறுபது மூட்டைகள் வெளியீட்டு விழாவுக்காகக் காத்திருந்தன. விதை முளைக்க மூன்று நாள் போதும். விழாத் தேதிதான் முளைக்கவில்லை.

ஒருநாள் அரை ஏக்கர் அக்கா வந்தார். அவருக்கு இருப்பதே அந்த அரை ஏக்கர்தான், அதுவும் பள்ளத்தில்.

"ஒரு மூட்டை குடுங்க சார். நாத்து விடணும்."

"உங்க தயக்கம் எனக்குப் புரியுதும்மா," என்றார் அலுவலர், பயிற்சியில் சொன்னபடி.

"எனக்குத் தயக்கமே இல்லைங்க."

அலுவலர் திகைத்தார். இதற்குப் பயிற்சி தரவில்லை. குழுவின் தலைவரான இயக்குநரிடம் ஓடினார்.

"சார், அந்தம்மாவுக்குத் தயக்கமே இல்லையாம்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நம்ம திட்டத்துக்குத் தகுதி இல்லாதவங்க. விழா முடியட்டும், பார்ப்போம்."

அடுத்த வாரம் அக்கா மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "பருவம் தப்பிடும் சார். வீட்டுல நாலு பேருக்கு வருஷத்துக்கும் சாப்பாடு அதுதான்." அலுவலரின் கை சட்டைப்பையில் சாவியைத் தடவிப் பார்த்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது. அக்கா பழைய விதையையே விதைத்தார்.

மழை, குழுவின் ஒப்புதல் பெறாமல் பெய்தது.

அலுவலர் வயலுக்குப் போனபோது நாற்றம் வரப்பிலேயே மூக்கைத் துளைத்தது. அக்கா ஒரு பயிரைத் தொட்டார். அது இழுக்காமலே கையோடு வந்தது.

"ஒம்போது நாள்தான் சார் தண்ணி நின்னுச்சு," என்றார். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அலுவலர் அன்று சாப்பிட்டிருப்பார்.

"தலைக்கு மேல் வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன," என்று இயக்குநர் ஆறுதல் கூறினார். இரண்டு மாதம் கழித்து விழா சிறப்பாக நடந்தது. முதல் மூட்டையைப் பெறும் பாக்கியம் அக்காவுக்கே கிடைத்தது.

"பருவம் போனப்புறம் இத என்ன சார் பண்றது?" என்று மேடையில் மெதுவாகக் கேட்டார்.

"போட்டோ எடுக்கற வரைக்கும் பிடிச்சுக்கோங்கம்மா," என்றார் இயக்குநர், கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

கடைசியில் ஆய்வறிக்கைப் படிவம் வந்தது. 'இப்பருவத்தில் புதிய ரகம் பயிரிடப்படாததற்குக் காரணம் யார்?' என்ற கேள்விக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அலுவலர் 'நாங்கள்' என்று ஒரே ஒரு சொல் எழுதி மேலே அனுப்பினார்.

இயக்குநர் எதையும் வரி விடாமல் படிப்பவர். அது எழுத்துப் பிழை என்பதைக் கண்டுபிடித்து, 'அவர்கள்' என்று திருத்திக் கையெழுத்திட்டார்.