ஒரே ஒரு ஆட்சேபணை

கடிதம் வந்தபோது மணி பத்து இருபது.

கண்காணிப்பாளர் அம்மாள் அதை மூன்று முறை படித்தார். நான்காவது முறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு வரைவாளரைக் கூப்பிட்டார்.

"உக்காருங்க. இல்ல, கதவை மூடிட்டு உக்காருங்க."

வரைவாளர் கதவை மூடிவிட்டு உட்கார்ந்தார். நகராட்சியில் பத்தொன்பது வருடமாக வரைபடம் வரைகிறவர். கதவை மூடச் சொல்லி யாரும் அவரிடம் நல்ல செய்தி சொன்னதில்லை.

"படிங்க."

மேலிடத்துக் கடிதம். ரயில் நிலையத்தைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டத்துக்கான நிலப் பயன்பாடு மற்றும் போக்குவரத்துத் திட்டம் தங்கள் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டும், இதுவரை ஆட்சேபணை ஒன்றும் பெறப்படவில்லை என அறியப்படுகிறது. இது தொடர்பாக மறுஆய்வுக் குழு நாளை காலை பத்து மணிக்கு நேரில் வருகிறது. பதிவேடும் திட்டத்தை வரைந்தவரும் தயாராக இருக்க வேண்டும்.

"'அறியப்படுகிறது'ன்னு போட்டிருக்கான். யாரு அறிவிச்சா?"

"நாமதான் மேடம். வாரா வாரம் அறிக்கை அனுப்பறோம்."

"அது நமக்குத் தெரியும். அவன் ஏன் அதைச் சொல்லல?"

கண்காணிப்பாளர் கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"'பதிவேடும் வரைந்தவரும்'. ரெண்டையும் ஒரே வரியில போட்டிருக்கான் பாருங்க. அள்ளிக்கிட்டுப் போற சாமான் மாதிரி."

மறுஆய்வுக் குழு அந்த அலுவலகத்துக்கு முன்பு ஒருமுறைதான் வந்திருக்கிறது. அப்போதிருந்த வரைவாளரை ஊருக்கு வெளியே குழாய்க் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆறு வருடமாகக் குழாய் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஆட்சேபணைப் பதிவேடு மேஜைமேல் இருந்தது. நூறு பக்கம். எல்லாப் பக்கத்திலும் எண் இருந்தது. எழுத்து ஒன்றிலும் இல்லை. ஆட்சேபணை தெரிவிக்கத் தந்த முப்பது நாளில் இன்று கடைசி நாள்.

"திட்டம் ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கலாம் மேடம்," என்றார் வரைவாளர்.

கண்காணிப்பாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

வரைவாளர் அதைச் சும்மா சொல்லவில்லை. நான்கு மாதம் அந்த வட்டத்துக்குள் காலால் நடந்திருந்தார். நிலையத்திலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் எத்தனை நிமிடம் என்று குறித்தார். மழைத்தண்ணீர் தேங்கும் சந்து எது, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் குறுக்கே ஓடும் இடம் எது என்று நின்று பார்த்தார். பேருந்து நிறுத்தத்தை மூன்று முறை அழித்து வரைந்து, கடைசியில் இரண்டு மரங்களுக்கு நடுவே வைத்தார். ஒரு வீடுகூட இடிபடவில்லை. இருபதாம் நாள் பதிவேட்டைத் திறந்து வெற்றுப் பக்கத்தைப் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ இனித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இங்க பாருங்க," என்றார் கண்காணிப்பாளர். "ரோட்டை நாம தொட்டா ஜனம் கத்தும். கத்தலேன்னா அதுக்குத் தெரியல. தெரியலேன்னா நாம காட்டல. காட்டலேன்னா மறைச்சிருக்கோம். நாளைக்கு அவங்க இப்படித்தான் கணக்குக் கூட்டுவாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"அஞ்சே முக்கால் வரைக்கும் நேரம் இருக்கு. ஒரே ஒரு ஆட்சேபணை. சின்னதா. யாருக்கும் வலிக்காததா."

*

நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை. கடைக்காரி அவருக்குப் பழக்கம். நான்கு மாதமாக அவருடைய வரைபடங்களைத் துண்டு துண்டாக நகலெடுத்து ஒட்டிக் கொடுத்தவள்.

"எனக்கு ஒரு உதவி வேணும்மா. ஆபீஸுக்கு வந்து திட்டத்து மேல ஒரு ஆட்சேபணை எழுதணும்."

"யாரோட திட்டம்?"

"என்னோடதுதான்."

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எனக்கு அது பிடிச்சிருக்கே சார். என் வாசல்ல நடைபாதை அகலமாகுது. வண்டி நிறுத்த இடம் கொடுத்திருக்கீங்க. எதை ஆட்சேபிக்கறது?"

"எதையாவது. சும்மா ஒரு பேச்சுக்கு."

"கவர்மெண்டு ஆளு கையெழுத்தைச் சும்மா கேப்பாரா?"

"நெஜமாவே சும்மாதான்மா."

"சார், உங்களை நல்லவர்னு நெனச்சிருக்கேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படத்துல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு ஆட்சேபிக்கச் சொல்றீங்க?"

அவர் கிளம்பி வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபோது அவள் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பார்த்ததும் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

*

ஊரார் சரிப்படவில்லை என்றால் உறவு. மனைவியின் தம்பி அந்த வட்டத்துக்குள்தான் சைக்கிள் கடை வைத்திருந்தான். அங்கே போனார்.

"மச்சான், மறுக்காதே. ஒரு விளக்குக் கம்பம் உன் கடைக்கு எதிர்ல வருது. அது ரெண்டடி தள்ளி இருந்தா நல்லதுன்னு வந்து எழுதிடு. போதும்."

"கம்பம் அங்க வந்தா என்ன அத்தான்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப ஏன் தள்ளணும்?"

"தள்ள வேண்டாம். எழுதினா போதும்."

மைத்துனன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அத்தான். எங்க அக்காவைக் கட்டின நாள்லேர்ந்து நீங்க எங்கிட்ட ஒரு உதவி கேட்டதில்ல. வண்டிக்குக் காத்தடிக்கக்கூட வேற கடைக்குத்தான் போறீங்க. இன்னிக்கு மத்தியானம், இந்த வெயில்ல நடந்து வந்து, கம்பத்தைப் பத்திக் கேக்கறீங்க."

"உங்க அக்கா மேல ஆணையா ஒண்ணும் இல்ல மச்சான்."

"ஆணையெல்லாம் வேறயா?"

ஆனாலும் வந்தான். வரும்போது கடையை அடைத்தான். மத்தியானத்தில் அந்தக் கடை அடைத்துத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் தேடக்கூடாது என்று கதவில் சாக்பீஸால் எழுதினான்: ஆட்சேபணைக்குப் போயிருக்கிறேன்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் கம்பத்தைப் பற்றி எழுதினான். கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்தி, இன்னும் ஒரு வரி சேர்த்தான்: உண்மையான காரணம் திட்டத்தை வரைந்த என் அத்தானுக்குத் தெரியும்.

"ஏண்டா இப்படி?" என்றார் வரைவாளர்.

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் மாட்டக்கூடாது பாருங்க."

எண் போட்ட பக்கம். கிழிக்க முடியாது.

*

மூன்று மணிக்கு ஜன்னல் வழியாகக் கண்காணிப்பாளர் வெளியே பார்த்தார்.

"என்ன இது, வரிசை?"

வரிசை படியிறங்கி, வாசல் தாண்டி, மதிலோரம் திரும்பியிருந்தது. முதலில் நகல் கடைக்காரி நின்றாள்.

"என்னம்மா, எழுத ஒண்ணும் இல்லேன்னியே?" என்றார் வரைவாளர்.

"அப்ப தெரியாது. உங்க சொந்த மச்சானே கடையை அடைச்சிட்டு ஓடி வந்திருக்காரு. எங்களைக் கேணையாக்கலாம்னு பாக்கறீங்களா?"

கண்காணிப்பாளர் அவரைப் பின்னாலிருந்து கிள்ளினார். "போய்ச் சமாதானம் சொல்லுங்க. கலைஞ்சிடும்."

வரைவாளர் வாசல்படியில் போய் நின்றார். ஒரு கூட்டத்தின் முன் அவர் பேசியதே இல்லை.

"தயவு செஞ்சு கேளுங்க. திட்டத்துல ஒரு பிரச்சனையும் இல்ல. யார் வீட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு டாக்சிக்காரர் சொன்னார்:

"நாம போகணும்னு பறக்கறாரு பாரு. யாரும் நகராதீங்கடா."

நகரவில்லை. போன் போட்டு இன்னும் நாலு பேரை வரச்சொன்னார்கள்.

ஒருவர் எழுதினார்: நடைபாதை அகலமானால் ஜனங்கள் நின்று பேசுவார்கள். அடுத்தவர் எழுதினார்: நின்று பேசும் அளவுக்கு அகலம் போதாது. ஒரு அம்மாள் வரைபடத்தில் தன் வீடு மஞ்சளாகவும் எதிர்வீடு பச்சையாகவும் இருப்பதற்குக் காரணம் கேட்டிருந்தாள். தனக்கு முன்னால் எழுதியவரையே ஒருவர் ஆட்சேபித்திருந்தார். டாக்சிக்காரர் எழுதியது ஒரே வரி: ஆட்சேபிக்கிறேன், எதை என்று பிறகு தெரிவிக்கப்படும்.

நாலரைக்கு நூறு பக்கமும் தீர்ந்தது. கண்காணிப்பாளர் வெள்ளைத்தாளை அடுக்கி நூலால் தைத்துக் கொடுத்தார்.

ஐந்து நாற்பதுக்கு வரிசையின் கடைசி ஆள் மேஜைக்கு வந்தாள். வரைவாளர் நிமிராமல் பேனாவை நீட்டினார்.

"பேர், விலாசம்?"

"உங்க விலாசம்தான்."

நிமிர்ந்தார். மனைவி.

"நீ எதுக்கு வந்தே?"

"எந்தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு மாசம் ராத்திரியெல்லாம் அந்தப் படத்தைக் கட்டிக்கிட்டு அழுதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லடி."

"தள்ளுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவள் எழுதினாள்: வீட்டில் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. நூற்று நாற்பத்து மூன்றாவது ஆட்சேபணை.

கதவைப் பூட்டியபின் கண்காணிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"பிள்ளையார் பிடிக்கப் போனோம்."

"ஒண்ணு கேட்டீங்க மேடம்."

"ஒண்ணுதான்யா கேட்டேன். சரி, விடுங்க. ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல். யாரும் மறைச்சோம்னு சொல்ல முடியாது." பதிவேட்டைப் புரட்டினார். "ஆனா எல்லாம் ஒரே தேதி. முப்பது நாளுக்கும் பரப்பி விடலாமா?"

"அவங்கவங்க கையெழுத்துக்குக் கீழ அவங்களே தேதி போட்டிருக்காங்க. அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்."

"செய்ய வேண்டாம். கேட்டேன், அவ்வளவுதான்."

*

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். தலைவர் முன்னால் வந்தார். மெலிந்தவர். பின்னால் வந்தவர்களில் ஒருவர் கழுத்தில் கேமரா.

"சாட்சிக்கு," என்று கண்காணிப்பாளர் உதடு அசையாமல் சொன்னார்.

தலைவர் சுவரிலிருந்த வரைபடத்தின் முன் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். விரலால் ஒரு கோட்டைத் தொட்டார்.

"வரைஞ்சது யாரு?"

"நான்தான் ஐயா."

"இந்தச் சந்துல ரோட்டை வளைச்சது நீங்களா?"

"ஆமாங்கய்யா. அங்க மழைத்தண்ணி தேங்கும்."

"கையேட்டுல அப்படி வளைக்கச் சொல்லலியே?"

"இல்லீங்கய்யா."

"நிறுத்தம் மரத்தடியில. இதையும் கையேடு சொல்லல."

"இல்லீங்கய்யா."

"ம்," என்றார் தலைவர். திரும்பி அவர் முகத்தையே பார்த்தார். குழாய்க் கிடங்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைவாளர் யோசித்தார்.

"சரி. அந்தப் பதிவேட்டைக் கொண்டாங்க."

கண்காணிப்பாளர் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். தைத்த தாள்கள் தனியாகத் தொங்கின.

தலைவர் முதல் பக்கத்தைத் திறந்தார். படித்தார். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நடுவில் திறந்தார். கடைசியில் திறந்தார்.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

"முறைப்படி கெடு முடியறதுக்குள்ள வந்தது ஐயா," என்றார் கண்காணிப்பாளர். "எல்லாருக்கும் காட்டினோம். ஒண்ணையும் மறைக்கல."

"எப்பன்னு கேட்டேன்."

"நேத்து," என்றார் வரைவாளர்.

தலைவர் பதிவேட்டை மூடினார். கேமராக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தார். மூன்று பேரும் கண்காணிப்பாளர் அறைக்குள் போனார்கள். கண்காணிப்பாளரும் போனார். கதவு மூடியது.

கூடத்தில் வரைவாளர் மட்டும் நின்றார்.

அப்போது காரோட்டி உள்ளே வந்தார். நெஞ்சோடு அணைத்து எதையோ தூக்கிவந்தார், துணி சுற்றியது. கனம் தாங்காமல் மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்தார். துணி நழுவியது. பித்தளை பளபளத்தது. காரோட்டி சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நூத்திப்பத்து ஊருல ஒரு ஆட்சேபணைகூட வராத ஒரே திட்டம்னு ஐயா வழியெல்லாம் உங்களையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு. இந்தக் கேடயத்தை மாட்ட ஆணி அடிச்சு வச்சிருக்கீங்களா சார்?"