பல் டாக்டரின் டீசல் பை

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் பல் டாக்டர், வீட்டில் மட்டும் தன் வாயைத் திறப்பதில்லை. அவருக்கு இருந்த ஒரே விடுதலை ஞாயிற்றுக்கிழமைப் படகு. பாவம், அதிலும் கை வைத்தது செல்போன். "தம்பி வந்திருக்கான், திரும்பி வாங்க" என்று மனைவி கூப்பிடுவாள். மச்சான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். சிக்னல் இல்லாத இடம்வரை போய்விடலாம் என்றால், படகு டேங்க்கில் அவ்வளவு டீசல் பிடிக்காது.

"பெரிய டேங்க்கா மாத்தப்போறேன்," என்று ஒருநாள் மார்தட்டினார். "பாதுகாப்புக்கு."

"எதுகிட்டேருந்து?" என்றாள் மனைவி.

டாக்டர் தண்ணீர் குடித்தார்.

படகின் முன்பக்கப் பலகைக்குக் கீழே ஒரு பொந்து. அதன் வாய் சின்னது. இரும்பு டேங்க் நுழையாது. சுருட்டித் தள்ளக்கூடிய ரப்பர் பை டேங்க் என்றால் நுழையும், நிரப்பினால் தலையணை மாதிரி உப்பும். கடையில் இருந்ததிலேயே பெரிதாக ஒன்றை வாங்கினார். பழையதைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பினார்.

பை நுழைந்தது. டாக்டர் நுழையவில்லை. தொப்பையில் மாட்டிக்கொண்டு கால்கள் மட்டும் வெளியே ஆடின.

"இழுக்கவா, தள்ளவா?" என்றாள் உதவிக்கு வந்திருந்த மனைவி.

"இழு."

வெளியே வந்து மூச்சு வாங்கினார். "நாலு மூலையும் பெல்ட் போட்டுக் கட்டணும். இல்லேன்னா அலையில உருண்டு படகையே கவுத்துடும்."

"நகருங்க." வழுக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் கட்டுகிற விதத்தைப் பார்த்து டாக்டருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"டீசலை நிறுத்துற வால்வை எங்கங்க மாட்டறது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அவர் மனம் அதற்குள் நடுக்கடலில் இருந்தது. "உன் கைக்கு வசதியா மாட்டிடு."

ஞாயிறு காலை. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் இருமியது, நின்றது. சிக்னல் மட்டும் முழுசாக இருந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"வால்வு மூடியிருக்குங்க."

"எங்க இருக்கு?"

"உள்ளே, கடைசியில. என் கைக்கு வசதியா."

"வேணும்னே மூடி வெச்சியா?"

"பாதுகாப்புக்குத்தாங்க. துடுப்புப் போட்டு வாங்க, நானும் தம்பியும் கரையிலதான் நிக்கறோம். சிக்னல் இல்லாத இடம் எப்படி இருக்கும்னு அவனும் பார்க்கணுமாம்."