ஒண்ணொண்ணா அண்ணனும் அணைய மறுத்த பச்சை விளக்கும்

உலகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்யாத மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மூக்கைச் சொறிய வேண்டுமென்றால் பேச்சை நிறுத்திவிடுவார். பேச வேண்டுமென்றால் நடையை நிறுத்திவிடுவார். ஒருநாள் கொட்டுகிற மழையில் அவரோடு பேசிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பி, இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டு, ஜலதோஷத்தோடு மூன்று நாள் லீவு போட்டேன். தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில், ஆற்று நீர்மட்டம் அளக்கும் எங்கள் ஆபீஸில் அவருக்கு ஒண்ணொண்ணா அண்ணன் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கருவிகளை ரிப்பேர் செய்யும் மெக்கானிக் அவர். அவருடைய வேதம் ஒரே வரிதான். "கெட்டுப்போன சாமான்ல ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்தணும் தம்பி. ரெண்டு மாத்துனா எது கெட்டுதுன்னு எவனுக்குத் தெரியும்?" மாற்றியதை உடனே நோட்டில் எழுதிவிடுவார். ரிப்பேரோடு நின்றால் பரவாயில்லை. ஷூ கடித்தபோது வலது காலுக்கு மட்டும் புது ஷூ வாங்கிப் போட்டு, இடது காலில் பழையதோடு ஒரு வாரம் ஆபீஸ் வந்தார். குற்றம் ஷூவிலா காலிலா என்று பார்க்கிறாராம். டீ ருசி சரியில்லை என்று ஒருநாள் சர்க்கரையை மாற்றினார். மறுநாள் பாலை மாற்றினார். அதற்கு மறுநாள் தூளை. நான்காம் நாள் கெட்டிலுக்குள் பல்லி இருந்ததைக் கண்டுபிடித்து வெற்றியோடு எங்களுக்குக் காட்டினார். அந்த நான்கு நாளும் டீ குடித்தவர்கள் நாங்கள்.

நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த அன்று டவுனில் கடைகள் எரிந்தன. ஆபீஸே ஓட்டமெடுத்தது. அண்ணன் மட்டும் ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு நின்றார். "இன்னா தம்பி இது! பிரதமர், மந்திரி, சட்டம், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துறானுங்களே! நாளைக்கு நாடு ஓடலைன்னா எத்தப் போயி பாக்குறது?" ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி எத்தனையோ பெரியவர்கள் பேசிக் கேட்டுவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

பிறகு ஊர் காலியாக ஆரம்பித்தது. எங்கள் எஞ்சினியர்கள் ஒருவர் பின் ஒருவராக பிரிஸ்பேனுக்கும் ஆக்லாந்துக்கும் மூட்டை கட்டினார்கள். வாராவாரம் வழியனுப்பு விருந்து சாப்பிட்டு என் பேன்ட் இறுகிப்போனது. அந்தச் சமயம் பார்த்து, நவுவா ஆற்றுக்காக வெளிநாட்டு உதவியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. முழுக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே போர்டில் அடக்கம். கூடவே ஒரு புத்தகம். ஆறு ஏறினால் இந்தக் கம்ப்யூட்டர் சங்கு ஊத வேண்டும். நவுவா மார்க்கெட் ஜனங்கள் சரக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும். பொருத்தித் தர வேண்டிய நிபுணர் கவிழ்ப்புச் செய்தியைப் படித்துவிட்டு வரவே இல்லை. மிச்சமிருந்தவர் ஒண்ணொண்ணா அண்ணன்.

புத்தகத்தில் முதல் எக்ஸாம்பிள் புரோகிராம் மிகச் சின்னது. போர்டில் இருக்கும் குட்டிப் பச்சை விளக்கு நொடிக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் ஒரு எழுத்து பிசகாமல் ஏற்றினார். விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. நிபுணருக்கு போன் செய்தால், இங்கே ஓடுகிறதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ரெண்டாவது எக்ஸாம்பிளப் பார்க்கலாமே அண்ணே?"

"இதுவே ஓடல. அது ஓடுனா நீ நம்புவியா?"

இதில் ஒரு சிக்கல். அண்ணனுக்கும் கமலா அண்ணிக்கும் நியூசிலாந்து விசா வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய் இறங்காவிட்டால் ரத்து. டிக்கெட் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு. கையில் ஒன்பது நாள். அண்ணனோ, "வெளக்கு அணைஞ்சாத்தான் பிளேன் ஏறுவேன். நான் பூட்டா இத்த யாரு பாப்பாங்க? நவுவா ஜனங்க மூட்டையோட முழுவணுமா?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி எனக்கு போன் செய்து அழுதார். "ஊட்டுல கட்டில் மொதக்கொண்டு வித்தாச்சு தம்பி. பொண்ணு அங்க ஒண்டியா கீது. நீயாவது சொல்லுப்பா."

முதல் நாள் கேபிளை மாற்றினார். இரண்டாம் நாள் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை. மூன்றாம் நாள் புரோகிராமை முதலிலிருந்து அடித்தார். விளக்கு குத்துக்கல் மாதிரி எரிந்தது. நான்காம் நாள், அண்ணியின் அழுகை காதிலேயே நின்றதால், அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே மெமரி கார்டையும் இன்னொரு கேபிளையும் மாற்றிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எது எங்கே இருந்தது என்பதும் மறந்துபோனது. அண்ணன் வந்து உட்கார்ந்த அரை நிமிடத்தில் கண்டுகொண்டார்.

"யாரு தொட்டது?"

"நான்தாண்ணே."

"எத்தினி மாத்துன?"

"ரெண்டு."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் நான் இரண்டு கொலை செய்துவிட்டேன் என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் திட்டவில்லை. நோட்டில் எழுதியிருந்த பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் 'முதல் நாள்' என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் வேன் வாசலில் நின்றது. ஸ்டியரிங்கில் டிரைவர் சேமி, பின்னால் இரண்டு பெட்டி, பெட்டிகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் அண்ணி. நாண்டி விமான நிலையத்துக்குப் போக நான்கு மணி நேரமாவது வேண்டும். அரை மணி பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணி உள்ளே வந்தார். மழை மூட்டத்தில் அறை இருண்டு கிடந்தது. அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

"இன்னுமா முடியல? இந்த எழவ ஆத்துலயே தூக்கிப் போடுறேன்!" ஒயர்கள் தொங்கத் தொங்க போர்டைத் தூக்கி ஓங்கி ஆட்டினார் அண்ணி. கோடாக ஓட வேண்டிய பச்சை வெளிச்சம் காற்றில் புள்ளி புள்ளியாக ஓடியது.

"கமலா! இன்னொரு தபா ஆட்டு!"

"இன்னாது?"

"ஆட்டும்மா!"

அண்ணி பயந்துபோய் ஆட்டினார். மறுபடியும் புள்ளிகள்.

"அணையுதுடா தம்பி! இத்தினி நாளும் அணைஞ்சு அணைஞ்சுதான் எரிஞ்சுக்கினு இருந்திருக்கு! நம்ம கண்ணுக்குத்தான் புடிபடல!"

விஷயம் இதுதான். எரிவதற்கும் அணைவதற்கும் நடுவே காத்திருப்பதற்காக, கம்ப்யூட்டரை ஒரு பெரிய எண் வரை சும்மா எண்ணும்படி எக்ஸாம்பிளில் எழுதியிருந்தார்கள். புத்தகம் பழைய, மெதுவான போர்டுக்கு எழுதியது. எங்களுக்கு வந்ததோ புது மாடல். கண் இமைப்பதற்குள் எண்ணி முடித்துவிடுகிறது. அண்ணன் அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு சைபர் சேர்த்தார். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். அண்ணி மணியைப் பார்த்துக் கத்த, "இரு, எழுதிக்கிறேன்" என்று அண்ணன் நோட்டைத் திறந்தார்.

நீர்மட்டம் பார்க்கும் புரோகிராமிலும் அதே எண்தான் கோளாறு. அதையும் திருத்தி ஏற்றினார். போர்டையும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினோம், நானும் கூடவே. நாண்டிக்குப் போகும் சாலை நவுவா வழியாகத்தான் போகிறது. பாலத்தருகே வேனை நிறுத்தச் சொல்லி, போர்டைப் பொருத்த, பிளேனுக்கென்று கட்டிய டையோடு ஆற்றோரக் கருவிப் பெட்டிக்குள் தலையை விட்டார். "பிளேன் பூடும்யா! ஜல்தி!" என்று அண்ணி வேனுக்குள்ளிருந்து கூவினார். "சேங்கா நா லேங்கா, ஒன்றும் ஆகாது" என்றான் சேமி. வண்டிக்குத் தீப்பிடித்தாலும் அதையேதான் சொல்வான். மிதவையை அண்ணன் கையால் தூக்கிவிட்டதும் சங்கு அலறியது. அடுத்த கவிழ்ப்பு வந்துவிட்டது என்று மார்க்கெட்டில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கின.

கவுண்டரை மூடப்போகிற நேரத்துக்கு நாண்டி போய்ச் சேர்ந்தோம். அண்ணன் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

அந்த மழைக்காலத்தில் நவுவா ஆறு ஏறியது. சங்கு ஊதியது. ஜனங்கள் தாலோக் கிழங்கு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள், ஒரு மூட்டைகூட நனையவில்லை. நான் ஆக்லாந்துக்கு போன் செய்தேன். ரொட்டி ஃபாக்டரியில் பாக்கெட் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது, ஷிப்ட் முடிந்து பேசுவார் என்றார் அண்ணி. ரொட்டி பாக்கெட் போடுகிற கையா அது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"எத்தினி மணிக்கு ஊதுச்சு? தண்ணி எத்தினி மீட்டர்?"

சொன்னேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"வேற இன்னா தம்பி?"

"வேற ஒண்ணுமில்லண்ணே."

அது பொய். நீங்கள் இல்லாத ஆபீஸுக்குக் காலையில் கிளம்பவே மனசு வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அன்று வாய் வரவில்லை அண்ணே, இப்போது எழுதிவிட்டேன்.