டஸ்டர் இல்லாத போர்டு

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனைவியிடம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை செய்த முடிவு. புதன்கிழமை சாயங்காலம் வரை தாக்குப்பிடித்தது.

நான் மண்ணரைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியர். பெயர் மகுடேஸ்வரன். இருபத்திரண்டு வருஷமாகச் சாக்பீஸ் தூள் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. எங்கள் பள்ளிக்குப் பத்து டேப்லெட் வந்தன. பின்னாலேயே ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய டிஜிட்டல் போர்டில் பிள்ளைகளை மனவரைபடம் போட வைக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் அம்மா வந்து மாதிரி வகுப்பைப் பார்ப்பாராம். யார் எடுக்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் தும்மினேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

என் மனைவி கோகிலவாணி ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு இந்த மாதிரி போர்டில்தான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறாள். காலர் அகலம், பட்டன் நிறம் எல்லாம் அதில் ஒட்டித்தான் பேசுவார்கள். கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஐந்து வருஷம் சொல்லிக்காட்டுவாள். தவிர, ஊருக்கெல்லாம் வாத்தியார், ஊட்டுக்குள் மாணவன் ஆவதா?

ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். அவளுக்குச் சொல்லித்தருவதுபோல ஆரம்பிக்க வேண்டியது. அவள் பொறுமையிழந்து, தானே செய்து காட்டுவாள். "பரவால்லையே, கரெக்டாச் செஞ்சுட்டே" என்று பாராட்டிக்கொண்டே நான் கற்றுக்கொள்ள வேண்டியது.

"கோகிலா, டிஜிட்டல் போர்டுன்னு ஒண்ணு வந்திருக்குது. உனக்கு ஆபீசுல உதவும். சொல்லித்தரட்டுமா?"

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்படீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. மொதல்ல இருந்து சொல்லிக்குடுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ ஆபீசுல இதைத்தானே..."

"அங்க ஒட்டியிருக்கறதைப் படிக்கறதோட செரிங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் லேப்டாப்பில், தன் பெயரிலேயே ஒரு வெள்ளைப் போர்டைத் திறந்து வைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்தாள். ஒன்றுமே தெரியாதவள் அதை எப்படித் திறந்தாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"இனி என்ன பண்ணோணுங்க?"

"நடுவுல தலைப்பு எழுதோணும். எழுது."

"வாத்தியாரு எழுதிக் காட்டாம நான் எப்படிங்க எழுதறது?"

எழுதினேன். 'பருத்தி முதல் பனியன் வரை.' எறும்பு அளவில் விழுந்தது. இழுத்துப் பெரிதாக்கினேன். 'ப' மட்டும் போர்டு முழுக்க நின்றது.

"இதை அழிக்கோணும்னா எப்படிங்க?"

நான்கு மூலையிலும் தேடினேன். "இது டஸ்டர் இல்லாத போர்டு" என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே.

"அப்ப மேல ஒரு அம்புக்குறி வளைஞ்சு நிக்குதே, அது எதுக்குங்க?"

அமுக்கிப் பார்த்தேன். தலைப்பு பழையபடி சுருங்கியது. "இதைத்தான் சொல்ல வந்தேன். செஞ்ச தப்பைத் திரும்ப எடுத்துக்கறது."

"கல்யாணத்துக்கு இப்படி ஒண்ணைக் கண்டுபிடிக்காம உட்டுட்டாங்களே" என்றாள். அப்புறம், "அனுமதின்னு மூணு காட்டுதுங்க. பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த. பசங்களுக்கு எதைக் குடுக்கறது?"

"திருத்தத்தான். அப்பத்தானே எழுத முடியும்."

"நம்ம ஊட்டுல உங்களுக்கு எதுங்க?"

யோசித்தேன். "பார்க்க மட்டும்."

"கருத்துஞ் சொல்லலாமுங்க. சேவ் ஆகாது, அவ்வளவுதான்."

வியாழக்கிழமையும் இப்படியே போனது. அவள் கேள்வி கேட்பாள். நான் தேடி, தடவி, கண்டுபிடித்துச் சொல்வேன். படுக்கும்போது எனக்கு நல்ல திருப்தி. பெண்டாட்டிக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை. முப்பத்து நான்கு பிள்ளைகள், பத்து டேப்லெட், கோகிலா திறந்து வைத்த அதே போர்டு. அலுவலர் அம்மா கடைசி பெஞ்சில். முதல் பத்து நிமிஷம் பிரமாதம். நான் பாடமே நடத்தவில்லை. எல்லாம் அவர்கள் வீட்டு விஷயம்தானே! 'கட்டிங்: எங்கப்பா.' 'பிசிறு வெட்டறது: எங்கம்மா, பெரியம்மா.' மஞ்சளும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டே போனார்கள்.

ஜூனில் பீகாரிலிருந்து வந்து சேர்ந்த ரிங்கி, இதுவரை 'பிரசன்ட் சார்' தவிர வாய் திறந்ததில்லை. அவள் ஓர் அயர்ன் பாக்ஸ் வரைந்தாள். பக்கத்தில் மீசையோடு ஓர் ஆள். "பாப்பா" என்றாள்.

"மீசை வெச்ச பாப்பாவா?" என்றாள் பக்கத்திலிருந்த மோனிஷா. அவர்கள் பாஷையில் பாப்பா என்றால் அப்பா என்று நான் விளக்கியதும் வகுப்பே சிரித்தது. ரிங்கியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மீசைக்காரருக்கு இடம் போதவில்லை. இடம் செய்து தருகிறேன் என்று மோனிஷா எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து எதையோ அமுக்கினாள்.

போர்டு வெள்ளை.

ரிங்கியின் கண் கலங்கிவிட்டது. அலுவலர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வளைந்த அம்புக்குறியை அமுக்கினேன். அது நான் செய்ததை மட்டும்தான் திரும்ப எடுக்கும், மோனிஷா செய்ததை எடுக்காது என்று எனக்குத் தெரியாது. அமுக்க அமுக்க வெள்ளை இன்னும் வெள்ளையானது.

அப்போது போர்டில் ஒரு சிவப்பு அம்பு ஓடியது. அதன் வாலில் 'கோகிலவாணி' என்று இருந்தது. போர்டுக்குச் சொந்தக்காரி பழைய நகலை மீட்டுவிட்டாள், இரண்டே நொடியில். கட்டிங், பிசிறு, மீசைக்காரர் எல்லாம் இருந்த இடத்துக்கே வந்தார்கள். கீழே ஒரு மஞ்சள் சீட்டு விழுந்தது: 'பயப்படாம வரையுங்க கண்ணுகளா. அழிஞ்சாலும் எடுத்துக்கலாம்.'

பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"யாருங்க சார் அது?" என்றார் அலுவலர் அம்மா.

"என் ஊட்டுக்காரம்மாங்க. நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். அவர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் கோகிலா சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வகுப்பு எப்படிங்க போச்சு?"

"நீதான் பாத்தியே. உனக்கு எத்தனை நாளா இதெல்லாம் தெரியும்?"

"நாலு வருசமாங்க."

"அப்புறம் எதுக்குத் தெரியாதுன்னே?"

"நான் சொல்லித் தந்திருந்தா நீங்க தலையை ஆட்டியிருப்பீங்க. கத்துக்கிட்டிருக்க மாட்டீங்க." அப்புறம், "அந்த அயர்ன் பாக்ஸ் புள்ள நல்லா வரையுதுங்க" என்றாள்.

மறுபடி வரைய வைக்கிறேன் என்றேன். என் தந்திரத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. வட்டாரத்திலுள்ள நாற்பது ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமை பயிற்சி. பயிற்சி கொடுப்பது நான்தான் என்று நினைத்து, நானே சட்டையை அயர்ன் செய்து மாட்டிக்கொண்டுதான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பயிற்சியாளர்: திருமதி கோகிலவாணி. என் பெயர் கலந்துகொள்வோர் பட்டியலில் இருபத்தேழாவதாக இருந்தது.

சனிக்கிழமை அவள் மைக் பிடித்து நின்றாள். நான் மூன்றாவது பெஞ்சில். பக்கத்தில் குன்னத்தூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் காதோரம், "எல்லாம் நான் சொல்லிக்குடுத்ததுதானுங்க" என்றேன்.

"மூணாவது பெஞ்சு சார், வகுப்புல பேசக்கூடாதுங்க."

எழுந்து நின்று, "சாரிங்க மிஸ்" என்றேன்.